பியூஸ் என்னும் ஆடிட்டர்!

சம்பளம் புதுசு, கார் பழசு. நம்மில் முக்கால்வாசிப் பேரின் நிலைமை இதுதான். ஆபீஸுக்கு நாலு சக்கரத்தில் போய் இறங்கவேண்டும் என்ற ஆசையில் பாங்க் லோன் பாதி, வீட்டில் கைமாற்று பாதி என்று புரட்டி, யாரோ ஓட்டிக் களைத்த ஒரு வண்டியை வாங்கி வாசலில் நிறுத்துகிறோம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கண்ணாடியில் குங்குமம் இட்டு, முதல் வாரம் தெருவே பார்க்க ஒரு ஊர்வலம். இரண்டாவது வாரம் கச்சேரி ஆரம்பம்.

கதவைத் திறந்தால் எரியவேண்டிய ரூம் லைட் எரியாது. செல்போன் சார்ஜரைச் செருகினால் உயிரே இருக்காது. இடப்பக்கக் கண்ணாடி பாதியில் நின்றுகொண்டு, ‘மேலேயும் வரமாட்டேன், கீழேயும் போகமாட்டேன்’ என்று சத்தியாகிரகம் செய்யும். ரேடியோவோ, சாவியை அணைத்த ஒவ்வொரு தடவையும் பூர்வ ஜென்மத்தை மறந்துவிடும்.

இந்த வியாதிகளில் ஒரு சௌகரியம், வண்டி ஓடும். அசௌகரியமும் அதுவேதான். ஓடுகிறதே என்று தள்ளிப்போடுவோம். கடைசியில் ஒரு நாள் பொறுக்கமுடியாமல் முனைக்கடையில் கொண்டு போய் நிறுத்தினால், டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு ஒருவர் தீர்ப்புச் சொல்வார்:

“வயரிங் ஃபுல்லா அவுட்டு ஸார். மொத்தமா புதுசு இழுக்கணும்.”

தலைவலி என்று போனவனிடம் தலையையே மாற்றவேண்டும் என்று சொல்கிற வைத்தியம் இது. பல சமயம் போனது பத்து ரூபாய்ச் சமாசாரமாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க எஞ்சினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை. நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்ததெல்லாம் பற்று வரவு. காரின் மின்சாரத்துக்கு அது தாராளமாகப் போதும்.

போன பணம் திரும்பணும்!

காரில் இருப்பது 12 வோல்ட். வீட்டில் இருப்பது போல 230 இல்லை. தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் ஒரு விஷயம், மோதிரம், பிரேஸ்லெட், மெட்டல் வாட்ச் மூன்றையும் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே கல்யாண மோதிரம் மாட்டினால் அது ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். 12 வோல்ட்டுக்கு அடிக்கத் தெரியாது, சுடத் தெரியும்.

கணக்கு இவ்வளவுதான். பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் பியூஸ், ஸ்விட்ச், பல்பு என்று வரிசையாகப் போய், மறுபடி பேட்டரிக்கே வந்து சேரவேண்டும். திரும்பி வராவிட்டால் ஐந்து பைசா வேலை நடக்காது. இதில் வேடிக்கை என்னவென்றால், போகும்போதுதான் அதற்கு ஒயர். திரும்பி வருவது பெரும்பாலும் காரின் தகர உடம்பு வழியாக. பேட்டரியின் நெகடிவ் முனை பாடியோடு இணைக்கப்பட்டிருப்பது அதற்காகத்தான். ‘எர்த்’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இந்தத் திரும்பும் பாதையை.

ஆகவே பல்பும் நன்றாக இருந்து, பியூஸும் நன்றாக இருந்து, விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் திரும்பும் பாதையைச் சந்தேகியுங்கள். ஏதோ ஒரு ஸ்குரூவுக்கு அடியில் துரு உட்கார்ந்திருக்கும். ஸ்குரூவைக் கழற்றி, உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்து, மறுபடி இறுக்கினால் முடிந்தது. மனிதர்களைப் போலவே கார்களிலும் பாதிப் பிரச்னை லூஸ் காண்டாக்ட்தான்!

ஆடிட்டரைச் சந்தியுங்கள்

பெரும்பாலான கார்களில் இரண்டு பியூஸ் பெட்டிகள். ஒன்று பானெட்டுக்கு அடியில், பேட்டரிக்குப் பக்கத்தில். இன்னொன்று உள்ளே, டிரைவரின் முழங்காலுக்கு அருகே. மூடியின் உள்பக்கத்தில் எந்தப் பியூஸ் எதற்கு என்று ஒரு படம் இருக்கும். இல்லாவிட்டால் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். (அதுதான், வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வைத்திருக்கிறோமே, அந்தப் புத்தகம்.) பியூஸைப் பிடுங்குவதற்கென்று ஒரு குட்டிப் பிளாஸ்டிக் இடுக்கியும் பல பெட்டிகளில் இருக்கும்.

சாவியை அணைத்துவிட்டு, பியூஸைப் பிடுங்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே ‘ப’வைக் கவிழ்த்த மாதிரி ஒரு மெல்லிய தகடு. அது முழுசாக இருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார். நடுவே அறுந்து, கறுத்திருந்தால் காலி. அதே நிறம், அதே எண் உள்ள புதுசைச் செருகவேண்டும். விலை ஒரு டீ, வடை கணக்குக்குள் அடங்கிவிடும்.

இந்த ‘அதே எண்’ என்பதில்தான் உயிர் இருக்கிறது. 15 என்று போட்டிருந்தால், அந்த ஒயர் 15 ஆம்பியர் அளவுக்குப் பாதுகாப்பாகத் தாங்கும் என்று கணக்குப் போட்டு வைத்த ஆடிட்டர் அவர். செலவு வரம்பு மீறினால் முதலில் தான் ராஜினாமா செய்துவிட்டு, கம்பெனியைக் காப்பாற்றுவார். அவர் ராஜினாமா செய்தால், ‘ஏன் ஸார்?’ என்று கேட்கவேண்டும். நாமோ, கேள்வி கேட்காத வேறு ஆடிட்டரைத் தேடுகிறோம். 15 போன இடத்தில் 30. அல்லது நம் நாட்டின் மாபெரும் கண்டுபிடிப்பான சிகரெட் பெட்டி வெள்ளித்தாள்!

ஒயரில் கரண்ட் இரண்டு மடங்கானால் சூடும் இரண்டு மடங்கு என்று நினைக்காதீர்கள், நாலு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. கந்து வட்டிகூட இவ்வளவு வேகமாக ஏறாது.

மதுராந்தகம் தாண்டி...

எங்கள் ஆபீஸ் கேஷியர் ஒரு பழைய கார் வாங்கினார். சிகரெட் லைட்டர் ஓட்டை இருக்கிறதே, இப்போது நாம் சார்ஜர் செருகுகிற இடம், அதன் பியூஸ் ஒரே மாதத்தில் மூன்று முறை போயிற்று. மூன்றாவது முறை ஒரு கடைக்காரர் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகிவிட்டு, “இனிமே இந்த ஜென்மத்துக்குப் போகாது ஸார்” என்று உத்தரவாதம் கொடுத்தாராம். காசுகூட வாங்கவில்லை என்பதில் கேஷியருக்குப் பரம திருப்தி.

இந்த விவரமெல்லாம் எனக்குத் தெரியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவரோடு போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் அவர் மனைவி, ஆறு வயதுப் பெண். மதுராந்தகம் தாண்டி, டீ குடிக்கலாம் என்று மெயின் ரோட்டிலிருந்து இறங்கினோம். மண் பாதையின் முதல் பள்ளத்தில் வண்டி ‘தடக்’ என்றது. உடனே பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். கியருக்கு முன்னால், டேஷ்போர்டு இடுக்கிலிருந்து ஊதுவத்தி மாதிரி ஒரு கோடு புகை. நாலு விநாடியில் அது ஊதுவத்தி சைஸைத் தாண்டிவிட்டது.

“சாவியை ஆஃப் பண்ணுங்க ஸார்! குழந்தையை இறக்குங்க!”

அவர் சாவியைத் திருப்பினார். அம்மாவும் பெண்ணும் புளியமரத்தடிக்கு ஓடினார்கள். புகை அடங்கியது. பானெட்டைத் திறந்து, டூல் பையில் இருந்த பத்தாம் நம்பர் ஸ்பானரால் பேட்டரியின் நெகடிவ் டெர்மினலைக் கழற்றினேன். அப்புறம்தான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

டார்ச் அடித்து லைட்டர் ஓட்டைக்குள் பார்த்தால், அடியில் ஒரு ரூபாய் நாணயம். புதுசாக வருகிறதே, அந்தச் சின்ன சைஸ். ஓட்டையின் நடுப் புள்ளி பாசிடிவ், சுற்றுச்சுவர் நெகடிவ். வண்டி பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் நாணயம் நகர்ந்து இரண்டையும் தொட்டு ஷார்ட் ஆக்கியிருக்கிறது. மூன்று பியூஸும் உயிரை விட்டுச் சொன்ன சேதி அதுதான். நாலாவதாக வந்த வெள்ளித்தாள் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதில் ஒயர் எரிந்தது. மறுநாள் ஒழுங்கான எலெக்ட்ரீஷியன் டேஷ்போர்டைப் பிரித்தபோது, ஒரு ஜாண் நீளத்துக்கு மேல்தோல் உருகி, செம்பு நிர்வாணமாக இருந்தது. அதற்கு ஒட்டினாற்போல் காலடிக் கார்ப்பெட்.

நாணயம் எப்படி வந்தது என்று புளியமரத்தடியிலேயே விசாரணைக் கமிஷன் வைத்தார் கேஷியர். அந்தப் பெண் நிதானமாகக் கேட்டாள்:

“அது உண்டியல் இல்லையாப்பா?”

அந்தக் கேள்வி அன்று எங்களுக்குச் சிரிப்பாக இருந்ததற்குக் காரணம், வண்டி நின்றது டீக்கடை வாசலில் என்பதுதான். எண்பது கிலோமீட்டர் வேகத்தில், ராத்திரியில், குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போது அந்தப் பள்ளம் வந்திருந்தால்?

ஆக, சட்டம் இது. பியூஸ் ஒரு முறை போனால் மாற்றுங்கள். மாற்றியதும் மறுபடி போனால், மூன்றாவதைச் செருகாதீர்கள். எங்கேயோ பணம் கையாடல் ஆகிறது. ஆளைப் பிடிக்கவேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் குட்டிப் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு உபரிச் செய்தி: பல கார்களில் அந்த ஓட்டையின் எல்லை 120 வாட், அதாவது 10 ஆம்ப். பம்ப் அதற்குமேல் கேட்டால் பியூஸ் போவது நியாயமே.

நாலு வியாதி, நாலு வைத்தியம்

ரூம் லைட்: முதலில் அதன் ஸ்விட்ச். ஆன், டோர், ஆஃப் என்று மூன்று நிலை. யாராவது ஆஃப்பில் தள்ளியிருப்பார்கள். அதுவும் சரியென்றால் மூடியை நெம்பி பல்பைப் பாருங்கள். இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி போட்ட கண்ணாடிக் குழாய் அது. பல்பும் சரியென்றால் கதவு ஸ்விட்ச். பழைய வண்டிகளில் கதவு நிலையில் ரப்பர் தொப்பி போட்ட ஒரு குமிழ் இருக்கும். கதவு மூடினால் உள்ளே போகும், திறந்தால் வெளியே வரும். துருப்பிடித்து உள்ளேயே தங்கிவிட்டால், கார் தன் கதவு மூடியிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். ஒற்றை ஸ்குரூ. கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். எல்.இ.டி. பல்பு போட்டு எரியாவிட்டால், கடைக்காரரைத் திட்டுவதற்குமுன் பல்பைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அதற்குத் தலை, வால் உண்டு.

கண்ணாடி: எங்கள் அபார்ட்மெண்ட்டில் ஒரு ரிட்டயர்டு மாமா. அவர் காரில் மூன்று கண்ணாடிகளும் ஒரே நாளில் வேலைநிறுத்தம். டிரைவர் பக்கம் மட்டும் இயங்குகிறது. ‘மூணு மோட்டாரும் போயிடுத்து’ என்று எஸ்டிமேட்டே வாங்கிவிட்டார். டிரைவர் கதவில் குழந்தைகள் விளையாடாமல் இருக்க ஒரு லாக் பட்டன் இருக்கும். அது அமுங்கியிருந்தது! மூன்று மோட்டார்கள் ஒரே நாளில் சாக, அவை என்ன உடன்கட்டையா ஏறும்?

நிஜமாகவே ஒரு கண்ணாடி மட்டும் படுத்தால் காதைத் தீட்டுங்கள். பட்டனை அழுத்தும்போது மோட்டார் சத்தம் கேட்டு, கண்ணாடி நகராவிட்டால் உள்ளே கேபிள் அறுந்திருக்கும். கதவைப் பிரிக்கவேண்டும், கடைக்குப் போங்கள். சத்தமே இல்லை, ஆனால் கதவைக் கொஞ்சம் ஆட்டினால் உயிர் வருகிறது என்றால், கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள் ஒயர் விட்டிருக்கும். கதவு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடும்போது அங்கேதான் ஒயர் மடங்கி மடங்கி ஒடிகிறது.

ரேடியோ: வெளியே வாங்கிப் பொருத்திய செட்டில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று மூன்று ஒயர்களைக் கவனியுங்கள். மஞ்சள், ஞாபகத்துக்காக இருபத்துநாலு மணி நேரமும் கரண்ட் வாங்குவது. சிவப்பு, சாவி போட்டால் மட்டும். கறுப்பு, எர்த். செட் தினமும் எல்லாவற்றையும் மறந்தால் மஞ்சளுக்குச் சாப்பாடு போகவில்லை. பல வண்டிகளில் ரேடியோ ஞாபகம், கடிகாரம், ரூம் லைட் மூன்றுக்கும் ஒரே பியூஸ்தான். லெட்ஜரில் ஒரு தப்பு கண்டால் அதே பக்கத்தில் வேறு தப்பு இருக்கிறதா என்று பார்ப்போமே, அப்படி ‘இதோடு சேர்ந்து வேறு என்ன செத்திருக்கிறது?’ என்று பாருங்கள். மூன்றும் ஒன்றாகப் போயிருந்தால் விடை உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில்.

மீட்டர் விளக்கு: ராத்திரியில் ஸ்பீடாமீட்டர் இருட்டாக இருந்தால், முதலில் வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறதா என்று தேடுங்கள். வண்டி துடைக்கும் பையன் அதைத் திருகிவிட்டிருக்கலாம். இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக ‘டிக்டிக்டிக்’ என்று படபடத்தால், உள்ளே கோளாறு இல்லை. வெளியே அந்தப் பக்கத்து பல்பு ஒன்று போய்விட்டது என்று பெரும்பாலான கார்கள் அப்படித்தான் தந்தி அடிக்கும்.

சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

வெள்ளிக்கிழமை ராத்திரி நன்றாக ஓடி வந்த வண்டி. திங்கட்கிழமை காலை செல்ஃப் எடுக்கவில்லை. ‘பேட்டரி போச்சு’ என்று புதுசு வாங்கினால் அதுவும் அடுத்த வாரம் படுத்துக்கொள்கிறது. இதைத்தான் கணக்கில் டேலி ஆகாத தொகை என்போம்.

10 வாட் ரூம் லைட் அணையாமல் இருந்தால் சுமார் 0.8 ஆம்ப் குடிக்கும். வெள்ளி ராத்திரி எட்டு முதல் திங்கள் காலை எட்டு வரை 60 மணி நேரம். பெருக்கினால் 50 ஆம்ப் அவர். சின்னக் கார் பேட்டரியின் மொத்த இருப்போ 35-தான். திவால்!

முந்நூறு, நானூறு ரூபாய்க்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் வாங்குங்கள். ராத்திரி முழுக்க ஓய்வெடுத்த பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு இருப்பு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்டவேண்டும். காட்டாவிட்டால், வரவே இல்லை. ஆல்ட்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வரவு சரி, செலவுதான் மர்மம் என்றால் துப்பறியலாம். சாவி ஆஃப். ரூம் லைட் ஸ்விட்ச் ஆஃப். டிரைவர் கதவைத் திறந்தே வையுங்கள். பேட்டரியின் நெகடிவ் கேபிளைக் கழற்றி, அந்தக் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்ப் அளவில் வையுங்கள். இந்தக் காலக் கார்களில் உள்ள கம்ப்யூட்டர்கள் தூங்க நேரம் எடுக்கும் என்பதால் அரை மணி பொறுங்கள். அதற்குப் பிறகு 50 மில்லி ஆம்புக்குக் கீழே என்றால் குடும்பச் செலவு, மன்னிக்கலாம். 500 என்று காட்டினால் ஒரு நாளைக்கு 12 ஆம்ப் அவர். மூன்றே நாளில் பேட்டரி சுடுகாடு. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டுங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சடாரென்று விழுகிறதோ, அந்த வரிசையில்தான் திருடன். மீட்டர் மாட்டியிருக்கும்போது மட்டும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டருக்குள் பியூஸ் இருந்தால் அது போய்விடும், இல்லாவிட்டால் மீட்டரே போய்விடும். பல மீட்டர்களில் அங்கேயும் ஒரு ஆடிட்டர் உண்டு.

கையைக் கட்டிக்கொள்ள வேண்டிய இடங்கள்

மஞ்சள் உறை போட்ட ஒயர், மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். அது ஏர் பேக். நம் நாட்டில் 2019 ஜூலையிலிருந்து விற்ற எல்லாப் புதுக் கார்களிலும் டிரைவருக்கு அது கட்டாயம். அதில் மீட்டர் முனையை வைத்தால் வெடித்து விரியும் அபாயம் உண்டு. ஏ.பி.எஸ். விளக்கு, எஞ்சின் விளக்கு எரிந்தாலும் பழக்கமுள்ளவரிடம் போவதே உத்தமம். கருகும் வாசனை வந்தால் ஆராய்ச்சி வேண்டாம். ஓரம் கட்டு, சாவியை அணை, ஆட்களை இறக்கு. அப்புறம்தான் மற்றதெல்லாம். பேட்டரியைக் கழற்றுமுன் ரேடியோவுக்கு கோட் நம்பர் உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மாட்டியதும் அது உங்களையே யார் என்று கேட்கும்.

கடைக்குப் போகவேண்டி வந்தாலும் வெறுங்கையோடு போகமாட்டீர்கள். “பியூஸ் சரி, பல்பு சரி, கதவு ஸ்விட்ச்சுக்கு எர்த் வரலை” என்று சொல்லிப் பாருங்கள். ‘வயரிங் ஃபுல்லா அவுட்டு’ என்கிற வசனம் தொண்டையிலேயே நின்றுவிடும். நல்ல எலெக்ட்ரீஷியனாக இருந்தால் சந்தோஷப்படுவார், அவருக்கும் ஒரு மணி நேரம் மிச்சம்.

வெட்டி, டேஷ்போர்டில் வைத்துக்கொள்ள:

5 ஆம்ப் – வெளிர் பழுப்பு
7.5 ஆம்ப் – அடர் பழுப்பு
10 ஆம்ப் – சிவப்பு
15 ஆம்ப் – நீலம்
20 ஆம்ப் – மஞ்சள்
25 ஆம்ப் – நிறமற்றது அல்லது வெள்ளை
30 ஆம்ப் – பச்சை

கூடவே ஒவ்வொன்றிலும் இரண்டு பியூஸ், ஒரு சின்ன டார்ச், பத்தாம் நம்பர் ஸ்பானர், ஸ்குரூ டிரைவர், ஒரு துண்டு உப்புத்தாள், இன்சுலேஷன் டேப். சென்னைவாசிகளுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் ஒரு மாலை நேரம் போதும். மற்ற ஊர்க்காரர்களுக்கு எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையும். இவ்வளவும் சேர்த்து, ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோடு போய்ப் பாப்கார்ன் வாங்குகிற செலவு ஆகாது.

வெள்ளித்தாளை மட்டும் சாக்லேட்டோடு வாங்கி, பிரித்து, குப்பைத் தொட்டியில் போட்டுவிடுங்கள்.